கட்டணப் பட்டியலில் இல்லாதது

கெயோன் துறைக்குப் போகும் படகில்
டிக்கெட் கிழிப்பவன் நான்.
ஆளுக்கு இவ்வளவு, செம்மறிக்கு இவ்வளவு,
கேஸ் சிலிண்டர், உருளைக்கிழங்கு மூட்டை.
சவப்பெட்டிக்கும் ஒரு விலை உண்டு,
அதற்குத் திரும்பும் டிக்கெட் கிடையாது.

ஒரு வியாழக்கிழமை மழையில்
தார்ப்பாயில் சுற்றிய டபுள் பாஸோடு
வந்து நின்றாள் ரயேன் நவெல்கின்.
பதினாலு வயது. அவளைவிட அது உயரம்.
வாத்தியம் கொடுத்த நகராட்சி
மாலை போட்டுப் படமும் எடுத்தது.
ஒத்திகைக்கு மூன்று மணி நேரக் கடல் இருப்பது
யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன்.
'கன்று' என்று எழுதினேன். அரைக் கட்டணம்.
அந்த அரையை யார் போட்டது என்பது
இங்கே வேண்டாம்.

ஏழு மாதம்.
வியாழன் போகும், சனி திரும்பும் கன்று.
கணக்குப் பார்க்க வந்த அதிகாரி
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்:
"ஏனப்பா, இந்தக் கன்று வளரவே இல்லையா?"

இஞ்சின் பக்கம், மூட்டைகளுக்கு நடுவே,
தடித்த தந்தியில் வில்லை இழுத்துக்கொண்டிருந்தாள்.
அந்த ஒலி பலகை வழியே வந்து
எங்கள் பூட்ஸுக்குள் ஏறியது.
"கத்துது பாருங்க" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

இன்று காலை பக்கத்துத் தீவுப் பையன் ஒருவன்
டிராம்போனை மார்போடு அணைத்தபடி
சில்லறையை எண்ணுகிறான், மறுபடி எண்ணுகிறான்.
பட்டியலில் விரலை ஓட்டுகிறேன்.
துடுப்பு: இலவசம்.

"நீளமாத்தானே இருக்கு," என்கிறேன், "ஏறு."