முந்நூற்றுப் பதினேழு

க்ரோனிங்கன் நகரில், மூன்றாம் மாடியில்,
இரவு பதினோரு மணிக்கு
நானூற்றுப் பன்னிரண்டு பேரைப் பேசவிட்டுப் பார்க்கிறாள்
வீட்ஸ்கெ ஹூகெமா.

ஆளென்றால் ஆளில்லை. புள்ளி.
புள்ளிக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு கருத்து.
பூச்சியம்: காற்றாலை கூடவே கூடாது.
ஒன்று: நாளைக்கே நடுங்கள்.
இடையில் கிடக்கிறது ஊர்.

விதி சின்னது.
சுற்றுக்கு ஒரு பேச்சு.
எதிராளியின் நினைப்பு உன் பக்கத்தில் இருந்தால்
நீ கொஞ்சம் நகர், அவனும் கொஞ்சம் நகர்வான்.
தொலைவில் இருந்தால்
காது கிடையாது.
எவ்வளவு தொலைவு வரை காது என்பதற்கு
நிரலில் அவள் வைத்த பெயர் சகிப்பு.

சகிப்பு அரை என்றால்
சில நூறு சுற்றில் ஊரே ஒரு கோடு,
ஆறிய பாலில் ஆடை மாதிரி.
கால் என்றால் இரண்டு கட்சி.
அதிலும் பாதி என்றால் நாலைந்து கும்பல்,
அவரவர் முயலுக்கு மூன்றே கால்.

தொள்ளாயிரம் முறை ஓட்டியாயிற்று.
ஒவ்வொரு ஓட்டத்திலும்
முந்நூற்றுப் பதினேழு மட்டும்
வைத்த இடத்திலேயே நிற்கிறது,
சரியாக நட்டநடுவில்.

பிழை என்று நினைத்தாள். பிழை இல்லை.
கேள்வித்தாளில்
'யாரோடு பேசுவீர்கள்?' என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டவர் அவர் ஒருவர்தான்.
தொடுப்பில்லாத புள்ளிக்கு
யார் போய் என்ன சொல்வது?

நீக்கிவிடலாம். நீக்கினால் படம் அழகாகும்.
விசைமேல் வைத்த விரலை எடுத்தாள்.

சனிக்கிழமை பேருந்து பிடித்துப் போனாள்.
வாய்க்கால் பாலத்தைத் தூக்கி இறக்குபவர்,
எல்ட்யோ வியர்செமா.
"யாரிடமும் பேசுவதில்லையா?"
"படகுக்காரர்கள் கையசைப்பார்கள். நானும் அசைப்பேன்."
"காற்றாலை?"
தோளைக் குலுக்கினார்.

பிறகு, கேட்காமலே:
"பிப்ரவரியில் என் ஆடு வாய்க்காலில் விழுந்தது.
நனைந்த கம்பளியோடு ஆடு என்ன கனம் தெரியுமா?
இறங்கி இழுத்தவள் ட்ரைன்ட்யெ.
அவள் வேலியில் கதவு அகலத்துக்கு ஒரு பலகை உண்டு,
காற்றாலை வேண்டாம் என்று.
இடுப்பளவு தண்ணீரில் நின்று
ஆட்டைத் திட்டினாள். வேறெதுவும் பேசவில்லை."

"அதனால் உங்களுக்கும் வேண்டாமா?"
"நான் அப்படிச் சொல்லவில்லை.
அடுத்த வாரப் புயலில் அவள் பலகை சாய்ந்தது.
போய் நிமிர்த்தி வைத்தேன்.
ஆணி என்னுடையது."

படகு ஒன்று ஊதியது.
பாலம் எழுந்தது.
இக்கரையில் ஆறு சைக்கிள், அக்கரையில் இரண்டு,
வானத்தைப் பார்த்த தார்ச்சாலை.
யாரோ ஒருவர் வீட்ஸ்கெயிடம்
பெப்பர்மின்ட் பொட்டலத்தை நீட்டினார்,
முகத்தைப் பார்க்காமலே.

திங்கள் இரவு, நிரலில் ஒரு வரி சேர்த்தாள்:
முந்நூற்றுப் பதினேழுக்கும் எண்பத்தெட்டுக்கும்
ஒரு தொடுப்பு. எடை பூச்சியம்.
யாரையும் நகர்த்தாது.
நகர்த்தவுமில்லை: நடுவில் இருந்தது நடுவிலேயே,
ஓரத்தில் இருந்தது ஓரத்திலேயே.

ஆனால் அந்தத் தொடுப்பும்
அவ்வப்போது ஒரு சுற்றை எடுத்துக்கொள்கிறது.
அந்தச் சுற்றில் பேசவேண்டிய வேறு இருவர்
காத்திருக்கிறார்கள்.
முறை தள்ளிப்போகிறது.
யாரோ யாரையோ
கொஞ்சம் தாமதமாகச் சந்திக்கிறார்கள்.

அதே விதை எண், அதே சகிப்பு.
நாலாயிரமாவது சுற்றில்
திரையில் இருந்தது
அவள் அதுவரை பார்க்காத ஊர்.