வெள்ளி இரவு, ரயர்கடை மேல்மாடி

அருமைத்துரை ஷட்டரை இழுத்து விழுத்துகிற சத்தம்தான்
எங்கள் நிகழ்ச்சியின் முகப்பிசை.
மூன்று வருடமாக வேறொன்றும் பொருந்தவில்லை.

இது ஸ்ரான்லி வீதி. கீழே ரயர்.
மேலே நான், கஜீபன், ஒரு மைக்,
சுவர் முழுக்க முட்டை மட்டை.
வாடகை வாங்க வந்தவர் கேட்டார்:
"பிள்ளை, இவ்வளவு முட்டையும் ஆர் திண்டது?"
வானலை கிடையாது, இணையம்தான்.
ஆனாலும் றேடியோ என்றே சொல்லுவோம்.

பிறந்தநாள் வாழ்த்து இல்லை.
கொழும்பிலிருந்து ஒருத்தர் காசு தரலாம் என்றார்,
மணிக்கு நாலு தடவை
தன் சீமெந்தின் பெயரைச் சொன்னால்.
கஜீபன் கேட்டான்: "சீமெந்துக்கு என்ன ராகம், அண்ணை?"
அதோடு அவர் கதைக்கவில்லை.

முதலில் ஒரு தவில்.
இணுவிலில், கோயில் வெளிவீதியில்,
எழுபத்தெட்டில் எவரோ கசெற்றில் பிடித்தது.
இடையில் ஒரு குழந்தை ஐஸ்பழம் கேட்டு அழுகிறது.
வெட்டவில்லை. அழுகையும் தாளத்தில்தான் நிற்கிறது.
அதன் வால் ஓயமுன்னம்
குருநகர் டிலக்சன்: வலை இழுக்கிறவன், வயது பத்தொன்பது,
போனில் பாடிப் போனிலேயே செய்த பாட்டு.
கடலில் கோடு கீறினவனுக்குக் கெட்ட வார்த்தை இரண்டு.
அதையும் வெட்டவில்லை.
பிறகு பைலா.
பிறகு பாசையூரில் பசாமுக்கு ஒத்திகை பார்த்த புலம்பல்,
நடுவில் யாரோ தும்முகிறார்.
பிறகு மாலி நாட்டுக் கிற்றார்க்காரர் ஒருவர்,
பாலைவனத்து ஆள், சொல் ஒன்றும் விளங்காது.
மணற்காட்டிலிருந்து ஒருவர் எழுதினார்:
"இவன் எங்கட பக்கத்துப் பொடியனோ?"

திரையின் மூலையில் ஒரு எண்.
கேட்போர் 11.
நல்ல நாளில் 14. கிரிக்கெட் நாளில் 3,
அதில் ஒன்று கஜீபனின் போன்.

பதினொரு பேரையும் ஏறக்குறையத் தெரியும்.
பெரியாஸ்பத்திரியில் இரவு வேலைத் தாதி,
ஒரு காதில் மட்டும் மாட்டியிருப்பவர்;
மற்றக் காது வாட்டுக்கு.
ஸ்காபரோவில் பார்சல் வான் ஓட்டுகிறவர்,
அவருக்கு இது மத்தியானம்.
முலவைச் சந்தியில் ஓட்டோவுக்குள் படுத்திருக்கும் யோகலிங்கம்,
பைலாவுக்கு மட்டும் இதயம் அனுப்புவார்.
இன்னொருவர், பெயர் போடாதவர்,
ஒருநாளும் எழுதாதவர்.
தொடங்கும்போது வந்து
முடியும்போது போவார்.

போன கிழமை, பதினொன்று இருபதுக்கு,
கரண்ட் போனது.
கசெற் டெக் ஒரு சொல்லின் நடுவில் செத்தது.
கார்ப் பற்றறி றவுட்டரைக் காத்தது,
மடிக்கணினி தன்னைத் தானே காத்தது.
மைக் திறந்து கிடந்தது,
அது எங்களுக்குத் தெரியாது.
ஃபான் நின்றுவிட்டதால் யன்னலைத் திறந்தோம்.
ரோச் தேடினோம்.

பின்னேர மழையின் மிச்சம்
அருமைத்துரையின் தகரத்தில் சொட்டியது,
ஒழுங்கு இல்லாமல், பிறகு ஒழுங்கோடு.
கானுக்குள் ஒரு தவளை. அதற்குப் பதில் சொல்ல இன்னொன்று.
கொழும்பு பஸ்ஸைத் தவறவிட்டவன் ஒருத்தன்
ஈரச் செருப்போடு ஓடி, ஓடி,
நின்றான்.
நாய் அவனைக் குரைத்துவிட்டு யோசித்தது.
"விசர் கரண்ட்" என்றான் கஜீபன்,
மெதுவாக, கிட்டத்தட்டப் பஞ்சமத்தில்.

நாலு நிமிடம், பத்துச் செக்கன்.

வெளிச்சம் வந்தபோது எண்ணைப் பார்த்தேன்.
11.
ஒருவரும் போகவில்லை.
கீழே ஒரு வரி, பெயர் இல்லாமல்:
"இப்ப போட்டது ஆற்றை மியூசிக்?"

கஜீபன் விழுந்து விழுந்து சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை, கை கொஞ்சம் நடுங்கியது.
எங்களிடம் ஒரு கொப்பி இருக்கிறது.
போட்டதெல்லாம் அதில் பதிவு: ஆர், எங்கே, எப்போது, எவ்வளவு நேரம்.
உரிமைக்காரர் எவராவது வந்தால் காட்ட.
இன்னும் எவரும் வரவில்லை.
அதில் எழுதினேன்:
தவளை இரண்டு, தகரம், செருப்பு, நாய்.
குரல், கஜீபன்.
யாழ்ப்பாணம். இந்த வருடம். 4.10.

பிறகு மைக்குக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன்:
"கேட்டவருக்கு நன்றி. அது புதுசு.
இனி ஒரு பழசு."