நான்கு நாள் விடுப்பு

மறுப்புக் கடிதத்தில் ஒரு கட்டத்தில் மட்டும்
டிக் அடித்திருந்தார்கள்.
திரும்பி வருவேன் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம்.

விடுப்பை ரத்து பண்ணாதே என்றான் ஜெயசீலன்.
ஏரி பார்க்கத்தானே போக இருந்தோம்,
சேலத்தில் இல்லாத ஏரியா.

அது கிரீட் தீவு.
நாலு பக்கமும் உப்பு,
மலையடியில் ஒரு நன்னீர் ஏரி.
ஆமை உண்டு, பெடல் படகு உண்டு.
அதற்காக இரண்டு வருடம்
ஏலச்சீட்டு கட்டியிருந்தேன்.

என் வேலை தண்ணீரைப் பிடித்து எண்ணாக்குவது.
போர்வெல், தொட்டி, லாரி, தெருக்குழாய்;
ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில், பாட்டிலுக்கு ஒரு சீட்டு.
கடினத்தன்மை இவ்வளவு, ஃபுளோரைடு இவ்வளவு.
குடிக்கலாம். குடிக்கக் கூடாது.
பன்னிரண்டு வருடத்தில்
ஒரு தண்ணீரின் கரையிலும்
உட்கார்ந்தது கிடையாது.

முதல் நாள் ஏற்காடு.
இருபது கொண்டை ஊசியில்
பதினான்காவதில் வாந்தி எடுத்தேன்.
அலகு உடைந்த அன்னப் படகு,
முன்னால் போட்டவரின் தலை எண்ணெய் மணக்கும்
லைஃப் ஜாக்கெட்.
அவன் கனம் நூற்றிரண்டு, என் கனம் ஐம்பத்து மூன்று.
படகு அவன் பக்கம் சாய்ந்தபடி
ஒரே இடத்தில் வட்டம் போட்டது.
அக்கா, நீங்க மிதிங்க, அண்ணன் சும்மா இருக்கட்டும்
என்று கரையிலிருந்து விசில் ஊதினான் பையன்.
பனி இறங்கி அவனையும் மறைத்தது.
எந்தப் பக்கம் கரை என்று தெரியாத பத்து நிமிடம்,
அதற்குப் பணம் வாங்கவில்லை.

இரண்டாம் நாள் கிளியூர் அருவி.
படிகளை எண்ணி இறங்கி
எண்ணிக்கை விட்டுப்போன இடத்தில் பாறை தெரிந்தது.
சரியாக மூடாத குழாய் மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது.
ஈரோட்டுக் குடும்பம் ஒன்று
சொட்டுக்குக் கீழே ஒவ்வொருவராக நின்று
படம் எடுத்துக்கொண்டது.
குரங்கு எங்கள் மிக்சரைப் பறித்துக்கொண்டு போனது.
விசா ஆபீசுக்கு இது மேல் என்றான்,
மழை இல்லை, தண்ணி இல்லை.
காரணம் புரிகிறது.
பாட்டிலில் இரண்டு ஸ்பூன் பிடித்தேன்.
கையை என்ன செய்வது, அது பழக்கம்.

மூன்றாம் நாள் பனமரத்துப்பட்டி.
எங்கே ஏரி, எங்கே ஏரி என்று கேட்டுக்கொண்டே போனோம்.
ஆடு மேய்த்தவர் சிரித்தார்:
நீங்க நிக்கிறதுதான்.
ஸ்கூட்டரோடு ஏரிக்குள் இருந்தோம்.
சீமைக் கருவேலம், முள், புழுக்கை,
காற்றில் அலை மாதிரி ஒன்று.
ஒரு காலத்தில் ஊருக்கே
குடிக்கக் கொடுத்தது.
காலி பாட்டிலில் இடம், தேதி, நேரம் எழுதி
மூடியை இறுக்கினேன்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காமல் இருந்ததற்காக
அன்றிரவு அவனுக்குப் பிடித்த கருவாடு.

நாலாம் நாள் அவனுக்குக் காய்ச்சல்.
தனியாக, விடிந்தும் விடியாமல்,
கன்னங்குறிச்சி.
மூக்கனேரி நிறையத் தண்ணீர்.
தண்ணீருக்குள் மண்திட்டுகள்,
திட்டு முழுக்க மரம், மரம் முழுக்கச் சத்தம்.
கடலே தொடாத ஜில்லாவில்
தீவு.
எண்ணத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

சாக்கடை கலக்கும் மூலையின் வாடை வந்தது.
அதன் எண் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.
நீர்க்காகம் ஒன்று கிளையில் நின்று
துவைத்த சட்டையை உலர்த்தப் பிடித்திருப்பவன்போல்
இறக்கையை விரித்து வைத்திருந்தது.
அதற்கு அவசரம் இல்லை.
வெயில் ஏறி முதுகைச் சுடும் வரை
கரைக்கல்லில் உட்கார்ந்திருந்தேன்.
கிளம்பும்போது பாட்டிலை அமுக்கி நிரப்பினேன்.
சீட்டு ஒட்டவில்லை.

திங்கட்கிழமை ஆய்வகக் குளிர்பெட்டியில்
என் நாலு பாட்டில்கள்:
பச்சை, இரண்டு ஸ்பூன், வெறும் காற்று,
பெயரில்லாத ஒன்று.
பரிமளம் மேடம் கடைசியை எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
இது எந்த சாம்பிள்?

அது லீவு, மேடம்.

இன்னும் கொஞ்சம் பார்த்தார்.
நாலு டிகிரியிலேயே
திரும்ப வைத்துவிட்டுப் போனார்.