மணியம், வயது அறுபத்தெட்டு

மணிக்கு இத்தனை வெள்ளி என்று பேசி
என்னை நோயாளி ஆக்குகிறார்கள்.
நொவீனா, ஏழாம் மாடி.
நிஜக் கட்டில், பொய் ஜன்னல்.
மணிக்கட்டில் ஒரு பட்டை:
மணியம், அறுபத்தெட்டு, பலவீனமான இதயம்.
வசனம் இரண்டு பக்கம். நேற்றிரவு
துணி காயப்போட்டபடி மனப்பாடம் செய்தேன்.
ஒரு வரிக்கு மட்டும் அடிக்கோடு:
கேட்டால் ஒழியச் சொல்லக் கூடாது.

முதலில் வெய் ஷெங், மருத்துவம்.
ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் சூடாக்கிவிட்டுத்தான்
நெஞ்சில் வைத்தான். நல்ல பிள்ளை.
என் காலில் இல்லாத வீக்கத்தை
அழுத்திப் பார்த்து எழுதிக்கொண்டான்.

ஷஸ்வானி, தாதிமை.
மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறேனாம்.

டெபோரா, மருந்தியல். பேசவே இல்லை.
டப்பாவைக் கவிழ்த்து எண்ணினாள்.
நான்கு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று.

சமூக சேவை படிக்கும் ஜோயல்
வீட்டில் யார் என்றான்.
மகள். சாங்கியில் இரவு வேலை.

இயன்முறை சிகிச்சைப் பெண் பவதாரணி
தமிழில் கேட்டாள்:
"அங்கிள், ராத்திரி டாய்லெட்டுக்கு எழுந்திருப்பீங்களா?"
அடிக்கோட்டு வரியைக் கொடுத்துவிட்டேன்:
"போன மாசம் வழியில விழுந்துட்டேன்மா."
அவள் தாளில் அது ஒரு கட்டத்துக்குள் போனது.

ஐந்து பேரும் பெயர் கேட்டார்கள்,
ஐந்து பேரும் பிறந்த தேதி கேட்டார்கள்.
ஒரே காலையில் ஐந்து முறை
ஐம்பத்தேழாம் வருஷம் பிறந்தேன்.

பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டம்.
ஸ்பீக்கர் வழியே எனக்குக் கேட்கும்.
ஆளுக்கொரு தாள். ஆளுக்கொரு மணியம்.
"நீர் மாத்திரையை இரட்டிப்பாக்கலாம்,"
வெய் ஷெங் சொன்னான்.
தலைகள் ஆடின.
டெபோராவின் வாய் திறந்து, மூடியது.

தஞ்சோங் பகாரில் இருபத்தாறு வருஷம்
கிரேன் ஓட்டியவன் நான்.
அத்தனை உயரத்திலிருந்து
கப்பலின் வயிறு தெரியாது.
கீழே ஹலிம் கை காட்டுவான்,
அவன் கைதான் என் கண்.
ஒருநாள் கையைத் தூக்கத் தயங்கினான்,
பக்கத்தில் பெரியவர் நின்றிருந்தார்.
அந்தப் பெட்டி எங்கே இறங்கியது என்று
நான் யாரிடமும் சொல்வதில்லை.

நோயாளி எழுந்து கண்ணாடியைத் தட்டக் கூடாது.
அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

"மருந்து போதலைன்னு இல்ல,"
டெபோராவின் குரல் மேசையைத் தாண்டவில்லை.
"அவர் சாப்பிடவே இல்ல."

ஏசியின் சத்தம் கொஞ்ச நேரம்.
பிறகு வெய் ஷெங் கேட்டான்: "ஏன்?"
அன்றைக்குக் கேட்டதிலேயே நல்ல கேள்வி.

பவதாரணி தாளைப் புரட்டினாள்: விழுந்திருக்கார்.
ஜோயல்: ராத்திரி வீட்டில் ஆளில்லை.
ஷஸ்வானி விரல்விட்டு எண்ணினாள்.
"ரெண்டாவது மாத்திரை சாயங்காலம் ஏழு மணிக்கா?
யாரு போடுவாங்க? நானே போட மாட்டேன்."
ஒரு வரி அடிபட்டது.
பேனா தாளைக் கிழித்தது எனக்கே கேட்டது.

என்னைத் தீர்த்துவிட்டார்கள்.
என்னிடம் வந்து சொல்லத்தான் யாருமில்லை.
மதிப்பீட்டுத் தாளில் கடைசிக் கேள்வி:
உங்களையும் கலந்து பேசினார்களா?
ஒன்றிலிருந்து ஐந்து வரை.
பென்சில் இரண்டின் மேல் நின்றது.

கதவைப் பாதி திறந்து ஷஸ்வானி:
"அங்கிள், ரெண்டு மணிக்குப் போட்டா
உங்களுக்குச் சரியா வருமா?"
வசனத்தில் இதற்குப் பதில் இல்லை.
"ரெண்டு மணிக்கு மக எழுந்திடும்," என்றேன்.
எனக்கு மகளே கிடையாது.

சாயங்காலம் ரயிலில்
ஒரே கம்பியைப் பிடித்து அந்த ஐந்து பேர்.
ஒருத்திக்கு ஹலால், ஒருத்தி இறைச்சி தொடமாட்டாள்,
ஒருவனிடம் ஆறு வெள்ளிதான் இருக்கிறது.
எந்தக் கடை என்று
மூன்று நிறுத்தமாகச் சண்டை.
யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை.
நானும் மேல் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினேன்.
மணிக்கட்டில் இன்னும்
மணியம்.