நகல்

பதினோரு வருஷமாக இந்த வார்டின் மனுக்களை
நகல் எடுத்துத் தருகிறேன்.
பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய்.
கண்ணாடியில் கவிழ்க்கும்போது
படிக்கக் கூடாதென்றுதான் நினைப்பேன்.
எழுத்து தானாக வந்து விழும் கண்ணில்.
‘ஐயா, எங்கள் தெருச் சாக்கடை
வீட்டுக்குள் வருகிறது.’
போன வருஷமும் இதே வாசகம்.
தந்தி ஆபீசில் ஓய்வுபெற்ற குப்பண்ணன்
தேதியை மட்டும் ஒயிட்னர் வைத்து
மாற்றிக் கொண்டுவருவார்.

ஒரு சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
என் ஆதாரை நானே கவிழ்த்தேன்.

டோனர் வாங்க வைத்திருந்த பணம்
டெபாசிட்டுக்குப் போனது.
முன்மொழிய ஆள் வேண்டும் என்றேன்.
‘வூட்ல கேட்டுட்டு வரேன்’ என்று போன
ஐஸ் கம்பெனி மரியசூசை
வீட்டையே கூட்டிக்கொண்டு வந்தார்.
அந்தம்மா படிவத்தை முழுசாகப் படித்து
‘ஜெயிச்சா கடைய மூடிடுவியா?’ என்றாள்.
மாட்டேன் என்ற பிறகுதான்
புருஷன் கையில் பேனா.

குடம் கேட்டேன்,
குழாய் கேட்டேன்,
கிடைத்தது ரோடு ரோலர்.
வெள்ளத்தில் தார் கரைந்துபோன
உப்பனாற்றோரத் தெருக்களில்
காகிதத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.
பின்னாலேயே பிள்ளைகள்:
‘அக்கா, வண்டி எப்ப வரும்?’
ராத்திரி சிப்காட் காற்று வீசினால்
எல்லா வீடும் கதவைச் சாத்திக்கொள்ளும்.
சாத்திய கதவைத் தட்டி ஓட்டுக் கேட்க
எனக்குக் கடைசிவரை வரவில்லை.

வாபஸ் வாங்கும் நாள் முடிந்து
பட்டியல் ஒட்டினார்கள்.
அ. தையல்நாயகி, ரோடு ரோலர்.
அடுத்த வரியில்
கோ. தையல்நாயகி, டிராக்டர்.
இரண்டு படத்திலும்
சின்னச் சக்கரம் ஒன்று, பெரிய சக்கரம் ஒன்று.

விசாரித்துக்கொண்டு போனேன்.
அரிசி மில்லுக்குப் பின்னால் வீடு.
இறால் உரிக்கிற வேலை,
விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தன.
‘லோனுன்னு சொன்னாங்க.
ஒரு போட்டோ, நாலு கையெழுத்து.
ரெண்டாயிரம் கொடுத்தாங்க.
நம்ம கடைலதானே ஜெராக்ஸ் எடுத்தேன்?’
எடுத்தாள்.
‘அட, என் பேரு!’ என்று சிரித்து
கடைசிப் பக்கத்துக்கு நான்
காசுகூட வாங்கவில்லை.

‘இப்ப நான் என்ன செய்யணும்?’ என்றாள்.
எனக்கும் தெரியவில்லை.
துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தேன்.
ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு
இரண்டு விரலால் வாங்கிக்கொண்டாள்.

எனக்கு நூற்று எண்பத்தேழு.
அவளுக்குத் தொண்ணூற்றிரண்டு.
டெபாசிட் போனது.
ஜெயித்தவர் ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தது,
வெடி, மேளம், ஜீப்.
குப்பண்ணன் வீட்டெதிரே ஜீப் நின்றுவிட
இறங்கி, ஒரு கையால் வேட்டியும்
மறு கையால் மாலையும் தூக்கிப் பிடித்து
சாக்கடையைத் தாண்டினார்.
நன்றாகத்தான் தாண்டினார்.

திங்கட்கிழமை கடை திறந்ததும்
ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள் அவள்.
‘தொண்ணூத்திரண்டுல ஒண்ணு என்னுது.
உனக்குத்தான் போடணும்னு போனேன்.
ரெண்டு இடத்துலயும் எம்பேரு இருந்திச்சா,
கை எங்க போச்சுன்னே தெரியல.’

மீதித் தொண்ணூற்றொன்றைப் பற்றி
இருவரும் பேசவில்லை.

குப்பண்ணன் மனுவோடு வந்தார்.
இந்தத் தடவை தேதியோடு
பெறுநர் பெயரிலும் ஒயிட்னர்.
அதன்மேல் புது கவுன்சிலர் பெயரை
நானே எழுதிக் கொடுத்தேன்.
‘சீக்கிரம்மா, ஆபீஸ்ல டீக்குப் போயிடுவாங்க.’
இன்னும் காயவில்லை, இருங்கள் என்றேன்.
ஈரத்தோடு கவிழ்த்தால்
கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்,
பிறகு வருகிற எல்லார் நகலிலும்
அந்தக் கறை விழும்.
தாளை இருபக்கமும் பிடித்துக்கொண்டு
அவள் ஊத ஆரம்பித்தாள்.