கால் மில்லிமீட்டர்

காலை ஆறரைக்கு ஒரு திருப்பு, இரவு ஒன்பதுக்கு ஒன்று.
குளியலறை ஸ்டூலில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறாள் வெல்கா.
கைபேசி வெளிச்சத்தைத் தானே பிடித்துக்கொள்கிறாள்.
ரூடிஸுக்குப் பதினான்கு வயது.
கம்பிச் சாவியை மேலண்ணத்துத் திருகின் துளையில் நுழைத்து
தொண்டைப் பக்கமாகத் தள்ளுகிறான்.
பாதியில் நிறுத்தினால் அடுத்த துளை கண்ணில் படாது,
இரண்டாம் நாளே தெரிந்துகொண்டார்கள்.
வலிக்குதா, என்கிறான்.
மூக்கின் அடியில் யாரோ அலமாரியை இழுத்துப் போடுவதுபோல் இருக்கிறது.
வாய்க்குள் அவன் விரல்; அவள் எதைச் சொல்ல?

குளிர்பெட்டிக் கதவில் இருபத்தெட்டுக் கட்டங்கள்.
அவன்தான் வரைந்தான், அவன்தான் அடிக்கிறான்.
கணக்கில் மட்டும் மோசம் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது
அந்த வாரம்தான்.

லியெபாயாவில் நவம்பர்.
கடற்காற்று டிராமின் கதவைச் சாத்த விடாது.
விடுப்பு முடிந்து ஒலிவாங்கியில்
நிறுத்தங்களின் பெயர்களைச் சொன்னாள்.
அவள் மொழியில் பாதிப் பெயர்கள் 'ஸ்' என்று முடியும்.
ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு விசில்.
கடைசி இருக்கைப் பிள்ளைகள் திருப்பி விசிலடித்தார்கள்.
முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில்
ஒரு நாணயத்தைச் செருகி நிறுத்தலாம்,
நாற்பத்தொரு வயதில்.

பல் போனால் சொல் போச்சு என்போம் நாம்.
இங்கே பல் போகவில்லை, சற்றுத் தள்ளி நின்றது.
சொல்லும் போகவில்லை,
காற்றைக் கூட்டிக்கொண்டு வந்தது.
வீட்டில் மகனைக் கூப்பிட்டாலும் அப்படித்தான்:
ரூடிஸ்ஸ்ஸ், கெட்டில் கொதிப்பதுபோல்.

கிறிஸ்துமஸுக்குச் சாம்பல் பட்டாணியை மசித்துத் தின்றாள்.
கம்புரொட்டியை முகர்ந்துவிட்டு வைத்தாள்.

ஜனவரியில் மைரிதா அளந்தாள்.
மெல்லிய அளவுகோலை ஈறின் ஓரத்தில் இறக்கி
எண்களைச் சொல்லச் சொல்ல உதவிப் பெண் எழுதினாள்:
இரண்டு, மூன்று, இரண்டு.
மூன்று, இரண்டு, மூன்று.
பிறகு, இடது முன்பல்லில்,
ஐந்து.
உதவிப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.
"இந்த இடத்தில் தேய்ப்பதில்லையா?"
ரத்தம் வருது, பயந்து விட்டுட்டேன்.
"விட்டதால்தான் வருது."
முகமூடிக்கு மேலே அவள் கண்களில் கோபம் இல்லை.

பிறகு பனிக்குளிர் பஞ்சை வலது பல்லில் வைத்தாள்.
கை உடனே உயர்ந்தது.
இடது பல்லில் வைத்தாள்.
வெல்கா கூரை விளக்கைப் பார்த்தாள்.
சன்னலுக்கு வெளியே கிரேன் ஒன்று
எதையோ தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கியது.
கை உயரவில்லை.
"சில சமயம் நரம்புக்கு மாதங்கள் ஆகும்,
சில சமயம் வராமலே போகும். நிறம் மாறுதா பாருங்க."

தமிழில் ஈறு என்றால் முடிவும்தான்.
வெல்காவுக்கு அது தெரியாது, நல்லவேளை.
புட்டி கழுவும் பிரஷின் குட்டிபோல் ஒன்றை வாங்கி
கம்பிக்கு அடியிலும் பல்லின் இடுக்கிலும்
ராத்திரி ராத்திரி விட்டாள்.
முதல் வாரம் தொட்டியில் துப்பியதெல்லாம் இளஞ்சிவப்பு.
மூன்றாம் வாரம் வெறும் தண்ணீர்.

மே மாதம் திருகைக் கழற்றினார்கள்.
நாக்கு அந்த வெற்றிடத்தை இரண்டு நாள் தேடியது.
பல்லோடு ஒட்டிய கம்பி இடைவெளியை இழுத்து மூடியது.
நடுவே ஈறு மட்டும் முழுதாக இறங்கி வரவில்லை;
சிரித்தால் ஒரு கறுப்பு முக்கோணம்,
எறும்பு நுழையும் வாசல்.
இடது பல்லின் மேலே
நகக்கண் அளவுக்கு மஞ்சள் வேர் தெரிகிறது.
ஐந்து நான்கானது. நான்கில் நின்றது.
மைரிதா "பரவாயில்லை" என்றாள்,
"நன்று" என்று சொல்லவில்லை.

கம்பிச் சாவி இன்னும் வீட்டுச் சாவிகளோடு
ஆணியில் தொங்குகிறது. எதையும் திறக்காது.

அக்டோபர் இரவு. சுடுநீர்க் குழாய் வேலை செய்யவில்லை.
வெல்கா பச்சைத் தண்ணீரில் வாய் கொப்பளித்து
அப்படியே நின்றாள்.
மறுபடி ஒரு வாய் எடுத்து
இடது பக்கம் ஒதுக்கினாள்.
"ரூடிஸ்!"

அறைக்குள் அவன் அசையவில்லை.
விசில் இல்லாமல் கேட்ட அந்தப் பெயர்
வேறு யாருடையதோ என்றிருந்தான்.
இரண்டாம் தடவைதான் வந்தான்,
அவளைவிட இப்போது உயரம்.
"என்னம்மா?"

கன்னத்தைப் பொத்திக்கொண்டு,
கண்ணில் நீரோடு, சொன்னாள்:
"கூசுது."