ஒரு விரல் தாழ்வு

செய்தித்தாளில் அவருக்கு ஒன்பது வரி.
பிறந்த மாவட்டம், கட்சியில் சேர்ந்த ஆண்டு,
பதக்கங்கள், இறுதிச் சடங்கின் நேரம்.
லெப்டினன்ட் ஜெனரல் லுவோங் காக் தியெப், வயது எண்பத்து நான்கு.

என்னிடம் இருப்பது வேறு கணக்கு.
ஹனோயில், ஹாங் போ தெருவில், பொத்தான் கடைகளுக்குப் பின்னால்,
மாடிப்படிக்கு அடியில் என் தையல் மிஷின்.
அளவு நோட்டில் அவர் பதினோரு பக்கம்.

கழுத்து முப்பத்தேழு. மார்பு எண்பத்தாறு.
வலது தோள், இடதைவிட ஒரு விரல் தாழ்வு.
டேப்பைத் தப்பாகப் பிடித்துவிட்டேன் என்று
மறுபடி அளந்தேன்.
"சரியாகத்தான் இருக்கிறது" என்றார்.
"இருநூறு கிலோ அரிசி. சைக்கிள். மேடு."
அவ்வளவுதான்.
வாயையும் அளந்து திறக்கிற மனிதர்.

ஐம்பத்தெட்டில் கேப்டன்.
படைக்கு முதன்முதலாகப் பதவிச் சின்னம் வந்த வருஷம்;
ஆளாளுக்குத் தோளைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.
இவர், இரண்டும் சமமாகத் தெரியணும் என்றார்.
கோணி நின்றால் ஒரு நட்சத்திரம்
வழுக்கி விழுந்ததுபோல் இருக்குமாம்.
பழைய கம்பளியில் ஒரு துண்டை மடித்து
வலது தோளுக்குள் திண்டாக வைத்துத் தைத்தேன்.
உள்பக்கம், விதியில் இல்லாத ஒரு பையும் கேட்டார்.
என்ன வைக்க?
"இனிமேல்தான் தெரியும்."

பிறகு எட்டு வருஷம் ஆளையே காணோம்.
தெற்கே மலைப்பாதையில்
அரிசியும் பெட்ரோலும் எண்ணி அனுப்பிக்கொண்டிருந்ததாகப்
பின்னால் கேள்வி.
சுட்டுப் பேர் வாங்கிய தளபதிகள் உண்டு.
இவர் படியளந்து பேர் வாங்காதவர்.
அந்தக் காட்டில் சின்னம் கிடையாது, நட்சத்திரம் கிடையாது,
தோளுக்குத் திண்டும் கிடையாது.

எழுபத்து மூன்றில் வந்து நின்றார்.
மார்பு எழுபத்தெட்டு.
என் தம்பி குயேத்தைப் பற்றிக் கேட்டேன்:
பதினேழாம் போக்குவரத்துப் பட்டாலியன், லாரி ஓட்டுநர்.
கையைத் தூக்கியபடியே இருந்தார், அளவெடுக்க வாகாக.
"பதினேழுக்கு அந்த மழையில்
நாற்பது நாள் அரிசி அனுப்பினேன்.
இருபத்தெட்டு நாள் அரிசி திரும்பி வந்தது.
தின்ன ஆளில்லை என்று ரசீதில் எழுதியிருந்தது."
என் வாயில் குண்டூசிகள் இருந்தன.
அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கூலியோடு துணிக் கூப்பனையும் வைத்துவிட்டுப் போனார்.
நாலு மீட்டர். அவருடைய ஒரு வருஷத்துப் பங்கு.
திருப்பித் தந்திருக்கலாம்.
குளிர்காலம்; இரண்டு பிள்ளைகள்; எடுத்துக்கொண்டேன்.
ஆனால் அந்த உடுப்பில்
திண்டை ஒரு நூல் கோணலாக வைத்தேன்.
வேண்டுமென்றேதான்.
போட்டுப் பார்த்தார். கண்ணாடியில் என்னையும் பார்த்தார்.
அப்படியே அணிந்து போனார்.
அடுத்த உடுப்பிலும் கோணல். அதற்கடுத்ததிலும்.
ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

எழுபத்தொன்பதில் வடக்கு எல்லை, நட்சத்திரம் ஒன்று.
எண்பத்து நான்கில் இரண்டு.
உள்பைக்கும் வேலை வந்தது:
முதலில் மூக்குக்கண்ணாடி, பிறகு பிரஷர் மாத்திரை,
ஓய்வுக்கு அப்புறம் காது மிஷினின் பேட்டரி.
ஒரு படைக்கே படியளந்த கை
பேட்டரியில் எந்தப் பக்கம் மேலே என்று
என்னிடம் நீட்டிக் கேட்டது.

நேற்று மகள் வியென் வந்தாள்.
பெட்டிக்குள் உடுத்தும் உடுப்பு தொளதொளவென்று இருக்கிறதாம்,
பிடித்துத் தரணுமாம்.
ஆளை அளக்காமல் தைக்க மாட்டேன் என்றேன்.
ராணுவ ஆஸ்பத்திரியின் குளிர் அறைக்கு அழைத்துப் போனாள்.
படுத்திருக்கும் மனிதனுக்குத் தோள் தாழ்வு தெரிவதில்லை.
பலகை இரண்டையும் ஒன்றாகவே தாங்கியது.
கழுத்து முப்பத்தைந்து. மார்பு எழுபத்தைந்து.

கடைக்கு வந்து தையலைப் பிரித்தேன்.
"திண்டு எதற்கு, படுத்துத்தானே போகிறார்" என்றாள்.
வைத்தேன்.
இந்த முறை நேராக.

கூலி கேட்டாள்.
நாலு மீட்டர் துணி அவருக்கு நான் பாக்கி, கழித்துக்கொள் என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை.
கூப்பன் காலத்தில் சின்னப் பிள்ளை.
நூலைப் பல்லில் கடித்து அறுத்தேன்,
கத்தரி கையருகே இருந்தும்.